இருபத்து நாலாம் நம்பர் இஞ்சின்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேடியோவின் மண்டையில் நாலு தட்டுத் தட்டிவிட்டு, "நேத்து வரைக்கும் நல்லாப் பாடுச்சு அண்ணாச்சி" என்று தூக்கிக்கொண்டு வருகிறவனைக் கண்டால் வரும். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு ஒரு டீயைக் குடித்துத் திரும்பி வந்து "ஆச்சா?" என்று நிற்கிறவனைக் கண்டால் இன்னும் வரும். தென்காசி பஜாரில் 'பெருமாள் ரேடியோஸ்' என்று போர்டு மாட்டிப் பதினொரு வருஷம் இப்படியே போயிற்று. முழுப்பெயர் சிவனணைந்தபெருமாள். அவ்வளவையும் எழுதப் போர்டில் இடம் இல்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் ரேடியோவை யார் சீந்தினார்கள்? எல்லாருக்கும் டி.வி. வேண்டும். கொடைக்கானலில் டவர் வைத்தாலும் வைத்தார்கள், நான் ஊரார் வீட்டு மொட்டைமாடியிலேயே குடியிருக்க வேண்டியதாயிற்று. மேலே நின்று நான் ஆன்டெனாக் குழாயைத் திருப்புவேன். கீழே இருந்து ஒருத்தி, "இப்பப் புள்ளி புள்ளியா வருது" என்பாள். இன்னும் கொஞ்சம் திருப்புவேன். "முன்ன இருந்ததே நல்லா இருந்துச்சே" என்பாள். அதற்கு முந்தின சீசனில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் மாடியில் பாசி வழுக்கி விழுந்து, இரண்டு மாதம் கட்டுப் போட்டுக் கிடந்தேன். இன்றைக்கும் சாரல் பிடித்தால் அந்தக் கணுக்கால் என்னிடம் வந்து சொல்லிவிடும்.

எனக்கு வேண்டியதெல்லாம் உட்கார்ந்து செய்கிற ஒரு வேலை. அந்த வேலை துபாயில் இருந்தது.

கடையநல்லூர் திவான் மைதீன் அங்கே ஒரு பெரிய பொம்மைக் கடையில் இருந்தான். லீவில் வந்தபோது, டேப் ரிக்கார்டர் கேசட்டைத் தின்கிறது என்று என்னிடம் கொண்டுவந்தான். சரிசெய்து கொடுத்ததில் என்மேல் அவனுக்கு ஒரு மரியாதை. அவர்கள் கடையில் ஜெர்மன் மின்சார ரயில் விற்றார்கள். ஒரே தண்டவாளத்தில் நாலைந்து இஞ்சின் நிற்கும். ஒவ்வொரு இஞ்சினுக்கும் ஒரு நம்பர். கையில் வைத்துக்கொள்கிற ஒரு பெட்டியில் அந்த நம்பரை அமுக்கிவிட்டுக் குமிழைத் திருப்பினால் அந்த இஞ்சின் மட்டும் ஓடும், மற்றவை அசையாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது பெயர் வந்தவன் மட்டும் 'உள்ளேன் ஐயா' சொல்கிற மாதிரிதான். இஞ்சினின் வயிற்றுக்குள் ஒரு சின்னப் பச்சை சர்க்யூட் போர்டு இருந்து நம்பரைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

"அதைப் பாக்கதுக்கு ஆளில்ல அண்ணாச்சி" என்றான் திவான். "ஓடலை ஓடலைன்னு திருப்பிக் கொண்டாந்து குவிக்கான். முதலாளி ஒரு மெக்கானிக் தேடுதார். ஏ.சி. ரூம், மேசை, பூதக்கண்ணாடி வெச்ச விளக்கு. காலையில உக்காந்தா சாயங்காலம் எந்திரிச்சாப் போதும்."

நான் அன்று ராத்திரி முழுக்க அந்த மேசையைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

லீவு முடிந்து போய்த் திவான் என்னைப் பற்றிச் சொன்னான். ஆனால் முதலாளி வாய்ச்சொல்லை நம்புகிற ஆள் இல்லை. ஓடாத இஞ்சின் ஒன்றை ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்பினார். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் திவான் போன் செய்வான். என்ன கோளாறு என்று நான் அவனிடம் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் விசா. இல்லையென்றால் புனலூர்க்காரன் ஒருவன் காத்திருந்தான், வேலை அவனுக்கு.

திங்கட்கிழமை காலை திவானின் மனைவி ஹாஜரா பீவி, பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். துபாய்ப் போன் வருவது ஜாஹிரா பீவி வீட்டுக்குத்தான். அட்டைப்பெட்டியைப் பிரித்தால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கறுப்பு இஞ்சின், நம்பர் பித்தான்களும் சிவப்புக் குமிழும் வைத்த சாம்பல் நிறப் பெட்டி, ஒரு டிரான்ஸ்பார்மர், வளைந்த தண்டவாளத் துண்டுகள். விளக்கப் புத்தகம் எதுவும் கிடையாது. எனக்குக் கை பரபரத்தது.

ஹாஜரா மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். "அவுக போன்ல சொல்லச் சொல்ல எழுதினேன் அண்ணாச்சி. இஞ்சின் நம்பர் இருபத்து நாலாம். உள்ள பொடிப்பொடியா எட்டுச் சுவிட்சு இருக்காம். அந்த நம்பருக்கு எது மேல இருக்கணும், எது கீழ இருக்கணும்னு சொன்னாக."

தாளின் தலைப்பில் வரிசையாக எட்டுக் கோடு. இரண்டு கோடு மட்டும் மேலே எழும்பி நின்றன, பாக்கி ஆறும் கீழே. அதற்கு அடியில் அரைப் பக்கம் அரபு எழுத்து.

"என்னம்மா இது, அரபியா?"

"எழுத்துதான் அரபு, பேச்சுத் தமிழ்தான். மதரசாவில படிச்சது. எனக்குத் தமிழ் எழுத்து கோர்வையா வராது. நான் வாசிக்கேன், நீங்க குறிச்சிக்கிடுங்க."

"வேண்டாம்மா, வேண்டாம். படம் போதும். எழுத்துதான் ஊருக்கு ஊர் மாறும், படம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"இல்ல அண்ணாச்சி, இந்தப் படத்தை எப்படிப் பாக்கணும்னா..."

"ஏம்மா, நான் பதினோரு வருசமா சர்க்யூட் படம் பாத்துத்தான் சோறு திங்கேன். நீ எனக்குப் படம் பாக்கச் சொல்லித் தாரியா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஜாஹிரா பீவி, "வா புள்ள, அவுகளுக்குத் தெரியாததா" என்று பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவர்கள் போனால் போதும் என்றிருந்தது.

இஞ்சினின் மூடியைக் கழற்றினேன். பச்சை போர்டின்மேல் எட்டுச் சுவிட்சு, அரிசிமணி பருமன்கூட இல்லை, பக்கத்தில் ஒன்று முதல் எட்டு வரை எறும்புக்கால் மாதிரி நம்பர். அவை தாறுமாறாக நின்றன. ஆகா, இதுதான் கோளாறு என்று எனக்கு ஒரே சந்தோஷம். படத்தைப் பார்த்து ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். இடமிருந்து இரண்டாவது மேலே. கடைசி எட்டாவது மேலே. மற்ற எல்லாம் கீழே. தண்டவாளத்தை வட்டமாகக் கோர்த்து, இஞ்சினை வைத்து, இரண்டு, நாலு என்று அமுக்கிக் குமிழைத் திருப்பினேன்.

அசையவில்லை.

இன்னொரு தடவை அமுக்கினேன். இஞ்சினைத் தூக்கி வைத்து அமுக்கினேன். சுவிட்சுகளைப் படத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு அமுக்கினேன். ம்ஹூம். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

சரி, முறையாகப் போவோம் என்று மீட்டரை எடுத்தேன். தண்டவாளத்தில் கரண்ட் இருந்தது. சக்கரத்தை ஸ்பிரிட்டால் துடைத்தேன். தண்டவாளத்தைத் தொட்டுக் கரண்ட் எடுக்கிற அடித்தகட்டைத் துடைத்தேன். மோட்டாரின் கார்பன் துண்டுகளைக் கழற்றிப் பார்த்தால் புத்தம் புதுசாக இருந்தன. சாயங்காலம் ஊரெல்லாம் பல்பு மினுங்குகிற நேரம், வோல்டேஜ் நூற்று எழுபது. குறைந்த வோல்டேஜில் பெட்டி மக்கர் பண்ணலாம் என்று ஸ்டெபிலைசரை மாட்டினேன். அது 'டக் டக்' என்று அடித்துக்கொண்டதே தவிர இஞ்சின் நகரவில்லை. திங்கட்கிழமை அதோடு போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலையில் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்காருகிறேன், குற்றாலத்து லாட்ஜிலிருந்து ஆள் வந்துவிட்டான். பெயர் நல்லகண்ணு. அருவியில் தண்ணீர் நிறைய விழுகிறது, ரூமெல்லாம் ஆள், டி.வி.யில் படமில்லை என்று மதுரைக்காரர்கள் சத்தம் போடுகிறார்களாம்.

"ஏலே, இன்னைக்கு என்னால வர முடியாது. போ."

"முதலாளி உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாவ அண்ணாச்சி. வராட்டா இனிமே ஆன்டெனா வேலையெல்லாம் செங்கோட்டை நம்பிராஜன்ட்டயே குடுத்திருவாவளாம்."

துபாய் வேலை இன்னும் கைக்கு வரவில்லையே. போனேன். சாரலில் மாடியில் ஏறி, கணுக்கால் விண்விண் என்று தெறிக்க, குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இருந்து நல்லகண்ணு, "ஆள் தெரியுது, தலை தெரியல" என்றான். பத்து நிமிஷம் கழித்து, "தலை வந்திட்டு அண்ணாச்சி, இப்ப ஆளு ரெட்டையாத் தெரியுது" என்றான். உன் தலையில் இடி விழ என்று மனசுக்குள் வைதேன். மனசுக்குள்தான் என்று நினைத்தேன். மாடியில் நனைகிற துணியை எடுக்க வந்த மதுரைக்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

நனைந்த கோழி மாதிரி திரும்பி வந்தால் கடையில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது மணி எட்டு. இரண்டு, நாலு அமுக்கினேன். அசையவில்லை.

புதன்கிழமை எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. ஈரம்! ஏ.சி. ரூமில் இருந்த சாமான் இந்தச் சாரல் காற்றைத் தாங்குமா? போர்டில் ஈரம் கோத்திருக்கும். எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய், இஞ்சினை நூறு வாட்ஸ் பல்புக்கு அடியில் வைத்துவிட்டு, விசிறியும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மனைவி குருவம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, அடை காக்கீயளா? குஞ்சு எப்பப் பொரியும்?"

"ஏட்டி, போயிரு. எரியுத வயித்துல எண்ணெய் ஊத்தாத."

"மூணு நாளாச் சரியாச் சாப்பிடல, அதான் வயிறு எரியுது. பிள்ளைய காய்ச்சல்ல கிடந்தப்பக்கூட இப்பிடிப் பக்கத்துல உக்காரல நீங்க."

"இது ஓடினாத்தாம்ட்டி நான் மாடி ஏறாம இருக்க முடியும்! விழுந்து செத்தாத்தான் உனக்கெல்லாம் தெரியும்!"

அவள் முகம் சுண்டிவிட்டது. தோசையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் அதையும் சாப்பிடவில்லை. போர்டு தொட முடியாத அளவுக்குச் சூடாகியிருந்தது. ஆறவைத்து, தண்டவாளத்தில் வைத்து, இரண்டு, நாலு அமுக்கினேன். பித்தானில் எழுதியிருந்த 'நாலு' என் விரல் பட்டே அழிந்துவிடும் போலிருந்தது. அந்தச் சனியன் அசையவே இல்லை.

வியாழக்கிழமை விடிந்தது. கடையைத் திறக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்தேன். ஐந்து மணிக்குப் போன். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. கோளாறு மோட்டாரிலா, போர்டிலா? மோட்டார் நன்றாக இருந்தால் போர்டு செத்துவிட்டது என்று அர்த்தம். போர்டைத் தாண்டி மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு ஒயர்களை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டிப் பக்குவமாக எடுக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை எங்கே இருந்தது? மூன்று நாள் ஆத்திரம் கையில் இருந்தது, கட்டிங் பிளையரும் கையில் இருந்தது. ஒயர் சேருகிற போர்டின் கால்களை ஒட்ட வெட்டினேன். வெட்டின வேகத்தில் போர்டின் ஒரு மூலை சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. போ, செத்ததுதானே என்று தூக்கி மேசை ஓரத்தில் போட்டேன்.

மோட்டாருக்கு நேராக ஒயரைப் பற்றவைத்தேன். தண்டவாளத்தில் வைத்ததும் இஞ்சின் வெறி பிடித்த மாதிரிக் கிளம்பி, அரை வட்டம் போய், வளைவில் தண்டவாளத்தை விட்டுத் தாவிக் குருவம்மாளின் மடியில் போய் விழுந்தது. அவள் "அய்யோ" என்று அலறினாள். நான் "ஓடுதுட்டி! ஓடுது!" என்று கத்தினேன். மோட்டார் நல்ல மோட்டார். ஆக, போர்டுதான் கோளாறு. நான் கண்டுபிடித்துவிட்டேன். குருவம்மாள்கூடச் சிரித்துவிட்டாள். மூன்று நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் கடையநல்லூர் போனேன். வழியெல்லாம் போனில் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'மோட்டாரில் குறையில்லை. போர்டு முழுசாப் போச்சு. மாத்தணும்.' கேட்கவே கம்பீரமாக இருந்தது.

ஜாஹிரா பீவி வீட்டு முன்கூடத்தில் போன் ஒரு முக்காலியில் இருந்தது, மேலே பூப்போட்ட துணி. எனக்கு ஒரு நாற்காலி போட்டுச் சர்பத் கொடுத்தார்கள். ஹாஜரா கதவோரமாக வந்து நின்றாள்.

"என்ன கோளாறு அண்ணாச்சி?"

"போர்டு செத்துப் போச்சும்மா. நீ குடுத்த படத்துல உள்ளபடி அட்சரம் பிசகாம சுவிட்சை வெச்சேன். அப்பவும் ஓடல. வேற என்ன?"

"ஒண்ணையும் ஏழையும் மேல வெச்சீயள்லா?"

"ஒண்ணு ஏழா? ரெண்டும் எட்டும்."

"தாள் வெச்சிருக்கீயளா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் தாளை விரித்து வலது ஓரத்துக் கோட்டில் விரலை வைத்தாள். "இதான் அண்ணாச்சி ஒண்ணு." விரல் இடது பக்கமாக ஒவ்வொரு கோடாக நகர்ந்தது. "ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, இந்தா ஏழு. எங்க எழுத்து இந்தப் பக்கமிருந்துல்லா போகும். அவுக சொல்லச் சொல்ல, எழுதுத கை அப்படியே படத்தையும் போட்டுட்டு. அன்னைக்குக் கடையில அதைச் சொல்லத்தான்..."

அட்டைப்பெட்டியைத் திறந்து போர்டை எடுத்தேன். ஒரு மூலை இல்லை, ஒரு காலும் இல்லை. அதில் இரண்டும் எட்டும் இன்னும் மேலேதான் நின்றன. நல்ல போர்டு. என் கையாலேயே நான் கொன்ற போர்டு. பாவி, பாவி, ஒரு நிமிஷம் அந்தப் பிள்ளையைப் பேச விட்டிருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும்!

போன் அடித்தது.

ஜாஹிரா பீவி எடுத்து, நலம் விசாரித்துவிட்டு ஹாஜராவிடம் கொடுத்தாள். ஹாஜரா என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான்தான் படத்தைத் தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லிருதேன் அண்ணாச்சி. உங்க மேல குத்தமில்லன்னு ஆயிரும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மேசையும் விளக்கும் கண் முன்னால் நின்றன. நான் தலையை ஆட்டினேன். சரி என்று ஆட்டினேன்.

அவள் சொன்னாள். "நான் படத்தை மாத்திப் போட்டுட்டேங்க. அண்ணாச்சி அதைப் பாத்துத்தான் ரெண்டையும் எட்டையும் மேல வெச்சிருக்காக. அவுக மேல தப்பு இல்ல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினாள். "உங்ககிட்டப் பேசணுமாம்."

"அண்ணாச்சி" என்றான் திவான். கடல் தாண்டி வருகிற குரல், கொஞ்சம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. "படம் மாறியே இருக்கட்டும். நீங்க என்னென்ன நம்பர் அமுக்கிப் பாத்தீய?"

"இருபத்து நாலுதான். அதுதானே நம்பர்?"

"சுவிட்சை எப்படி வெச்சாலும் அது ஏதோ ஒரு நம்பரைக் கேக்கத்தானே செய்யும் அண்ணாச்சி? மொத்தமே எண்பது நம்பர்தான். ஒண்ணுலேர்ந்து வரிசையா அமுக்கிட்டே போனா அரை மணி நேரம். இந்தா, எங்கிட்ட அட்டவணை இருக்கு. ரெண்டும் எட்டும் மேல இருந்தா அம்பத்திரண்டு. அம்பத்திரண்டுல அது நல்லா ஓடியிருக்கும்."

மூன்று நாள். ஒரே நம்பரை ஆயிரம் தடவை அமுக்கியிருப்பேன். பக்கத்து நம்பரை ஒரு தடவை அமுக்கத் தோன்றவில்லை.

"சரி, போகட்டும். போர்டு பத்திரமா இருக்குல்லா?"

"வெட்டி எடுத்துட்டேன் திவான்."



"அது நல்ல போர்டு அண்ணாச்சி" என்றான். "இங்கன திரும்பி வர்ற பத்து இஞ்சின்ல எட்டுக்கு ஒரு கோளாறும் கிடையாது. சின்னப் பிள்ளைய சுவிட்சை நோண்டியிருக்கும், அவ்வளவுதான். முன்ன இருந்தவன் எல்லாத்தையும் அறுத்து அறுத்துப் போட்டான். அதான் முதலாளி இப்படி ஒண்ணை அனுப்பினார். இதுல ஒண்ணுமில்லன்னு சொல்லுத ஆள்தான் அவருக்கு வேணும்."

வேலை போயிற்று. அது எனக்கு விளங்கிவிட்டது. போனதுதான் போயிற்று, இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று அப்போதுதான் புத்தி வந்தது.

"திவான், ஒண்ணு சொல்லணும். ஹாஜரா படம் தப்பில்ல. சரியாத்தான் போட்டிருக்கு. அன்னைக்கே எனக்குச் சொல்ல வந்துச்சு, நான்தான் காது குடுக்கல. எனக்காகத்தான் இப்பத் தன் தப்புன்னு சொல்லுச்சு."

"தெரியும் அண்ணாச்சி." அவன் குரலில் கோபமே இல்லை. "கல்யாணம் முடிஞ்ச நாள்லேர்ந்து அவ கடுதாசிய வலது பக்கமிருந்துதான் வாசிச்சிட்டு இருக்கேன். அவ மாத்திப் போட்டுட்டேன்னு சொன்ன உடனேயே விளங்கிட்டு. நீங்களும் பக்கத்துலதான் நிக்கீய, கேட்டுட்டுச் சும்மாதான் நிக்கீயன்னும் விளங்கிட்டு. போனை அவகிட்டக் குடுங்க. காசு கட்டின மூணு நிமிசம் முடியப் போகுது, நான் இன்னும் அவகூடப் பேசவே இல்ல."

அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திருப்பிப் பேச எனக்கு ஏதாவது இருந்திருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்ன, ரிசீவரை ஹாஜராவிடம் கொடுத்தேன். "மன்னிச்சிரும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சாப்பிட்டீயளா?" என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.